வருடத்துக்கு நான்கு பாட்டு: கொழும்பில் வேலை, வீடு, கோயில் மூன்றோடும் பாட்டெழுத ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் கோட்டைக்கு ஏறக்குறைய இருபது நிமிஷம். இடது பக்கம் கடல், வலது பக்கம் யாரோ ஒருவருடைய முழங்கை. பதினொரு வருடமாக என் பாட்டு வரிகளில் பாதி அந்த இருபது நிமிஷத்தில் வந்தவை. மீதி அடுப்படியில் வந்தவை. மேசை, விளக்கு, அமைதி எல்லாம் ஒன்றுசேர அமைந்து நான் எழுதிய பாட்டு என்று ஒன்றுகூட இல்லை.

நான் கோட்டையில் ஓர் இறக்குமதிக் கொம்பனியில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டில் இவர், இரண்டு பிள்ளைகள், மாமி. ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பாடும் குழுவில் இருக்கிறேன், அந்தக் குழுவுக்குப் பாட்டும் எழுதுகிறேன். "உங்களுக்கு எங்கேயிருந்து அக்கா நேரம்?" என்று புதிதாகச் சேரும் தங்கச்சிமார் கேட்பார்கள். தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டதால் இப்போது எழுதியே வைக்கிறேன். நான் கத்தோலிக்கக் கோயிலை வைத்துத்தான் சொல்வேன். ஆனாலும் சைவக் கோயில் பஜனைக்கு எழுதுகிறவர்களுக்கும் மேடை மெல்லிசைக்கு எழுதுகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு, வீட்டுக்கு, கோயிலுக்கு, பாட்டுக்கு என்று நாளை நான்கு சம பங்காக வெட்டிப் பார்த்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வருடத்துக்கு நான்கு பாட்டு போதும் என்று முடிவெடுத்த பிறகுதான் நான்காவதான பாட்டுக்கும் இடம் கிடைத்தது.

படி 1: எல்லா நாட்காட்டியையும் ஒரே தாளில் போடுங்கள்

வருடத் தொடக்கத்தில் ஒரு பெரிய தாள் எடுத்துப் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். முதலில் கந்தோர் நாட்கள். எனக்கு ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதி வட் வரி கட்டும் நாள், மாத முடிவில் சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும். எல்லாவற்றிலும் பெரியது மார்ச் 31, கணக்காண்டு முடிவு.

அதன்மேல் கோயில் நாட்கள். உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) எந்த வருடத்திலும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில்தான் வரும். அப்படியென்றால் தவக்காலத்தின் 40 நாளும் பெரிய வெள்ளியும் ஏறக்குறைய எப்போதும் என் கணக்கு முடிப்போடு முட்டும். முதல் மூன்று வருடமும் இதைப் பார்க்காமல் மார்ச்சில் உட்கார்ந்து தவக்காலப் பாட்டு எழுதப் போய், பாட்டும் கெட்டது, கணக்கிலும் பிழை விட்டேன். இப்போது உயிர்ப்புக் காலப் பாட்டை ஜனவரியிலேயே முடித்துவிடுகிறேன். கிறிஸ்மஸ் பாட்டு செப்டம்பரில். வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு மாட்டுத்தொழுவத்துக் குளிரைப் பற்றி எழுதுவது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும். கொழும்பில் டிசம்பரிலும் பெரிய குளிர் இல்லையே என்று நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

என் கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் வெள்ளவத்தைக் கோயில் ஒன்றுக்குப் பதிகம் மாதிரி எழுதுகிறவர். அவருடைய தாளில் திருவெம்பாவைப் பத்து நாளும் நவராத்திரியும் இருக்கும். திருவெம்பாவை டிசம்பர், ஜனவரியில் வருவதால் அவர் ஒக்டோபரில் எழுதத் தொடங்குவார்.

கடைசியாக வீட்டு நாட்கள். பிள்ளைகளின் தவணைப் பரீட்சை, மாமியின் கிளினிக் நாள், ஊர்ப் பயணம். வீட்டில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளை இருந்தால் அந்த வருடம் நான்கு பாட்டு வேண்டாம். இரண்டு போதும். மகளுக்கு அந்த வருடம் வந்தபோது ஒன்றே ஒன்றுதான் எழுதினேன், குழு ஒன்றும் கலைந்துபோகவில்லை.

தாளில் வெள்ளையாக மிஞ்சும் இடங்கள்தான் உங்கள் பாட்டுக் காலம். போயா (பௌர்ணமி) நாட்களை வேறு நிறத்தில் வட்டமிடுங்கள். வருடத்தில் 12, சில வருடம் 13. எல்லாமே விடுமுறை. (1966இல் சனி, ஞாயிறை விட்டு, பௌர்ணமி மட்டுமல்லாமல் நிலவின் நான்கு நிலைப் போயாவையும் வார விடுமுறையாக்கி, சில வருடத்தில் பழையபடி மாற்றினார்கள். அந்தக் காலத்தில் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டுக் கந்தோருக்கு ஓடியதை மாமி இன்றைக்கும் சொல்வார்.) கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை செய்கிறவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கசுவல் லீவும் உண்டு. அதில் இரண்டு நாளைப் பாட்டுக்கென்று முன்கூட்டியே ஒதுக்குங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளை எந்தத் தாளிலும் குறிக்க முடியாது.

படி 2: பாட்டை ஐந்து வேலையாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "பாட்டெழுத நேரமில்லை" என்கிறவர்கள் பாட்டை ஒரே வேலையாக நினைத்துக்கொண்டு, அதற்கு ஒரே நீட்டில் மூன்று மணி நேரம் தேடுகிறார்கள். கொழும்பில் பிள்ளைகளோடு இருப்பவருக்கு அது கிடைக்காது. உண்மையில் பாட்டுக்குள் ஐந்து வேலை இருக்கிறது: வரி சேர்ப்பது, மெட்டு தேடுவது, சொல்லையும் மெட்டையும் பொருத்துவது, குழுவோடு பாடிப் பார்ப்பது, பதிவுசெய்வது. ஒவ்வொன்றும் கேட்கும் நேரம் வேறு.

வரி சேர்க்க இரண்டு நிமிஷத் துண்டுகள் போதும், சத்தம் இருந்தாலும் பரவாயில்லை. மெட்டு தேடக் கை வேலையாக இருக்க வேண்டும், வாய் சும்மா இருக்க வேண்டும். தேங்காய் துருவுவது, உடுப்பு மடிப்பது, காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பது எல்லாம் அதற்குத் தோது. பொருத்துவதற்குத்தான் ஒன்றரை மணி நேரம் தனியாக வேண்டும், அதுவும் ஒரு பாட்டுக்கு மூன்று தடவைதான். பாடிப் பார்க்கக் குழுவின் சனிக்கிழமைப் பயிற்சி இருக்கவே இருக்கிறது. பதிவுக்கு ஒரு போயாக் காலை.

கூட்டிப் பாருங்கள். ஒரு பாட்டுக்கு வீட்டிலிருந்து நான் உண்மையில் எடுப்பது மூன்று ஒன்றரை மணி நேரமும் ஒரு காலையும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவ்வளவுதான்.

படி 3: அந்த நேரத்தை வாய்திறந்து கேளுங்கள்

தொடக்கத்தில் நான் கேட்கவில்லை, களவெடுத்தேன். உடம்பு அங்கே இருக்கும், மனம் சரணத்தில் இருக்கும். ஒரு நாள் பருப்பு அடுப்பில். குக்கர் மூன்று விசிலுக்கு இறக்க வேண்டும். நான் விசிலைத் தாளமாக எண்ணிக்கொண்டு ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தேன். ஏழாவது விசிலில் மாமி எழுந்து வந்து அடுப்பை நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அன்றைக்கு மருந்து போட அவருக்குச் சோறு நேரத்துக்குத் தேவைப்பட்டது. அவர் ஒன்றும் சொல்லாததுதான் என்னைச் சுட்டது. கருகிய சட்டியைத் தேய்க்க இரண்டு நாள் பிடித்தது, அது வேறு.

அதன் பிறகு திகதி, மணி, முடியும் நேரம் மூன்றையும் சொல்லிக் கேட்கிறேன்: "இஞ்சருங்கோ, வருகிற வியாழன் எட்டிலிருந்து ஒன்பதரை வரை அறைக் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறேன். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை நீங்கள் பாருங்கோ." கேட்டது கிடைக்கும். ஆனால் ஒன்பதரை என்றால் ஒன்பதரைதான். நல்ல வரி அந்தரத்தில் தொங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு தடவை பத்தரையாக்கினால் மூன்றாம் தடவை அந்தக் கதவு சாத்தப்படாது.

கேட்டதுக்குப் பதில் கொடுக்கவும் வேண்டும். இவருக்குச் சனி மாலை கிரிக்கெட். அதில் நான் தலையிடுவதில்லை.

படி 4: வரி சேர்ப்பது

ரயிலில் பேனாவும் கொப்பியும் சரிவராது. காலை நெரிசலில் ஒரு கை கம்பியில், மற்றக் கையில் போன். நான் வட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொள்கிறேன். ஒரு செய்திக்கு ஒரு வரிதான். திருத்துவதில்லை, இரண்டாம் வரி தேடுவதில்லை. கொள்ளுப்பிட்டி வருவதற்குள் ஒன்று கிடைத்தால் சரி. கிடைக்காத நாளில் கடலைப் பார்க்கிறேன்.

எதை எழுதுவது? ஞாயிறு வாசகத்தைச் சனி இரவே ஒரு தடவை படித்துவிடுங்கள். அதில் ஒரு பொருள், கையால் தொடக்கூடிய ஒன்று, வாரம் முழுக்கக் கூடவே வரட்டும்: கிணறு, வலை, புளித்த மா, எண்ணெய் தீர்ந்த விளக்கு. அன்பு, அருள், கிருபை என்று பெரிய சொற்களில் தொடங்கினால் ஏற்கெனவே ஆயிரம் பேர் பாடிய வரிதான் வந்து நிற்கும். வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரர் விடியப் பனிக்கட்டி உடைப்பதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் படாத சீமோனைப் பற்றி எழுதிய பாட்டுத்தான் எங்கள் குழுவில் இன்றைக்கும் அதிகம் கேட்கப்படுவது.

ஒரு எச்சரிக்கை. கந்தோர்க் கணினியில் பாட்டு எழுதாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, வேலையின் பகுதியாகச் செய்யும் ஆக்கத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், வேலை தருபவருக்கு. பாட்டெழுதுவது கணக்குக்காரியின் வேலையில் சேராதுதான். ஆனாலும் அவர்களுடைய நேரத்தில், அவர்களுடைய கணினியில் உட்கார்ந்துகொண்டு அதை வாதாட வேண்டிய நிலை எதற்கு?

படி 5: மெட்டும் சொல்லும்

மெட்டு வந்தவுடன் போனில் முணுமுணுத்துப் பதிந்துவிடுங்கள். "பிறகு ஞாபகம் வரும்" என்பது பொய். கோப்புக்குத் திகதியையும் ஒரு சொல்லையும் பெயராக வையுங்கள்: "பெப் 12 வலை." பெயரில்லாத நாற்பது பதிவு இருந்தால் ஒன்றும் இல்லாததற்குச் சமம்.

வந்த மெட்டை மறுநாள் வேறொருவருக்குப் பாடிக் காட்டுங்கள். ஒரு தடவை ஒரு அருமையான மெட்டு, மூன்று எண்ணிக்கையில் ஊஞ்சல் மாதிரி ஆடுவது, கைக்கு வந்தது. ஒரு கிழமை அதிலேயே மிதந்தேன். மாமி கேட்டுவிட்டு, "இது பாண் ஓட்டோ போடுற பாட்டெல்லே?" என்றார். பாண் விற்கிற ஓட்டோவிலிருந்து பின்னேரமானால் ஒழுங்கைக்கு ஒழுங்கை அது ஒலிக்கும் ஊரில் அதிலிருந்து தப்புவது கஷ்டம்தான்.

இனிப் பொருத்தம். பாட்டு கெடுவதும் தேறுவதும் இங்கேதான், அதனால்தான் இதற்குக் கதவு சாத்திய நேரம் வேண்டும். என் பல்லவி ஒன்று "உன் கரம் போதும் இறைவா" என்று இருந்தது. தாளில் அழகு. மெட்டிலோ "க" விழும் இடத்தில் சுரம் இரண்டு எண்ணிக்கை நீளும். பயிற்சியில் பதினான்கு பேரும் கண்ணை மூடி, உருகி, "உன் காரம் போதும் இறைவா" என்று பாடினார்கள். பின் வாங்கில் இருந்த மகன், "அம்மா, இறைவன் என்ன சம்பலா?" என்றான். அன்றைக்குப் பயிற்சி அதோடு முடிந்தது.

காரணம் எளிது. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அந்த அளவு மாறினால் சொல்லே மாறிவிடும். மலை மாலையாகும், படம் பாடமாகும். "ஒரு வரம் தா" என்பதை நீட்டினால் "ஒரு வாரம் தா" என்று கேட்கும். மார்ச் மாதத்தில் அதுவும் எனக்குத் தேவைதான், ஆனாலும் பூசையில் பாட முடியாது. ஆகவே நீளும் சுரத்தில் நெடில் வையுங்கள். குறிலை வைத்தே ஆக வேண்டுமென்றால் பின்னால் ஒற்று வரும் குறிலை வைத்து, ஒற்றில் சாய்ந்து பாடுங்கள். நான் கடைசியில் "உன் கைகள் போதும்" என்று மாற்றினேன். "கை" எவ்வளவு நீண்டாலும் கையாகவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது இது. பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் ஒரு கட்டத்துக்கு ஒரு எண்ணிக்கை. ஆதி தாளம் என்றால் வரிசைக்கு எட்டுக் கட்டம். ஒவ்வோர் எழுத்தும் எந்தக் கட்டத்தில் விழுகிறது, எத்தனை கட்டம் நீள்கிறது என்று பென்சிலால் எழுதுங்கள். நீண்ட கட்டத்தில் ஒற்றைக் குறில் நின்றால் சிவப்பு வட்டம். பிறகு மூச்சு விடும் இடங்களில் ஒரு கோடு. கோடு ஒரு சொல்லின் நடுவில் விழுந்தால் அந்த வரியை உடைத்து எழுதுங்கள். எதுகை, மோனை பார்ப்பது இதற்குப் பிறகு. முதலிலேயே எதுகைக்கு ஓடினால் "இறைவா, நிறைவா, குறைவா" என்று மூன்று பாட்டிலும் ஒரே கதவைத் தட்டிக்கொண்டு நிற்பீர்கள். நான் நின்றிருக்கிறேன்.

சுருதியை உங்கள் குரலுக்கு வைக்காதீர்கள். நான்காவது வாங்கில் இருக்கும் வயதான ஐயாவுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அவர் வாய் திறந்தால் சபை பாடும்.

படி 6: சுவாமியிடமும் குழுவிடமும்

பூசைக்கான பாட்டு என்றால் பயிற்சிக்கு முன் பங்குத்தந்தையிடம் வரிகளைக் காட்டுங்கள். வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு இவற்றில் இடம் உண்டு. பூசையின் நிலையான செபங்களின் சொற்களை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. தவக்காலப் பாட்டில் ஆசையில் ஓர் அல்லேலூயா போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்தவள் நான். உயிர்ப்பு வரை அந்தச் சொல் ஓய்வெடுக்கும்.

குழுவில் கேள்வி கேட்பவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். "நல்லா இருக்கு அக்கா" என்பவர்களால் பாட்டுக்குப் பயனில்லை.

படி 7: பதிவு

குழுவுக்கு அனுப்ப, ஞாபகத்துக்கு வைக்க, போனே போதும். எங்கள் பிளாட்டில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, காகம், ரயில் எல்லாம் கூடப் பாடும். உடுப்பு அலுமாரியைத் திறந்து, தொங்கும் சேலைகளைப் பார்த்தபடி பாடுங்கள். துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். போனை விமானப் பயண நிலையில் போடுங்கள், விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், நாலு நிமிஷம்தானே. போயாக் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். பதினொரு மணிக்குப் பிறகு அந்த நாள் பிள்ளைகளுடையது.

படி 8: பெயர்

இதை நான் பிந்திக் கற்றேன். ஒரு பங்கில் வெளியிட்ட பாட்டுத் தொகுப்பில் என் பாட்டு இருந்தது, என் பெயர் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தாளில் பெயர் இல்லாததால் "பழைய பாட்டு" என்று நினைத்துவிட்டார்கள். அப்போது எனக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததற்காகக் கூச்சமும் வந்தது: கடவுளுக்கு எழுதினேனா, பெயருக்கு எழுதினேனா? இன்றைக்கு என் பதில், பாட்டு கடவுளுக்கு, பெயர் ஒழுங்குக்கு. மேலே சொன்ன சட்டத்தின்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதியவரின் ஆயுளும் அதன்மேல் 70 வருடமும் அது இருக்கும். ஆகவே ஒவ்வொரு தாளின் அடியிலும் வரிகள் யார், மெட்டு யார், எந்த வருடம் என்று போடுங்கள். கீபோர்ட் வாசிக்கும் தம்பி மெட்டில் பாதியை மாற்றியிருந்தால் அவர் பெயரையும் போடுங்கள், அதையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

படி 9: பாடாத ஒரு பூசை

பாடுகிறவர்கள் பூசை காண்பது குறைவு. அடுத்த பாட்டின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டும், சுருதி இறங்குகிறதா என்று காது கொடுத்துக்கொண்டும் ஒரு மணி நேரம் போய்விடும். எழுதினவர் நிலை இன்னும் மோசம். நற்கருணை நேரத்தில் மூன்றாம் சரணம் தடுக்குகிறதே என்று நினைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன்.

அதனால் செவ்வாயில் முடிகிறபோது வேலை விட்டுக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறேன். செவ்வாய் அவருடைய நாள். சைவரும் பௌத்தரும் மெழுகுதிரியோடு நிற்கும் கூட்டத்தில் என்னை யாருக்கும் தெரியாது. யாரோ பாடுவார்கள், நான் பாட மாட்டேன். கொப்பியும் எடுத்துப்போவதில்லை. அங்கேயும் குண்டு வெடித்த 2019 உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு பல மாதம் எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. அந்தத் திருத்தலம் திரும்பத் திறந்த பிறகு அங்கே போய்ச் சும்மா இருந்ததுதான் நான் செய்த ஒரே வேலை. அப்படிப்பட்ட காலம் உங்களுக்கும் வந்தால் அந்த வருடத் தாளில் பாட்டுக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். குழுவில் பழைய பாட்டுகள் நிறைய இருக்கின்றன.

படி 10: பாடிய பிறகு

முதல் ஞாயிறு பாடி முடிந்ததும் ஒரு கிழமை தொடாதீர்கள். பூசை முடிந்து வெளியே தேத்தண்ணிக்கு நிற்கும்போது யார் எந்த வரியை முணுமுணுக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். முணுமுணுக்காத வரிகளை அடுத்த திங்கள் ரயிலில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.